தளிர்க்கும் புல்லுக்கும் ஒரு பாடு வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த பின்னர், பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த கிராமங்களில் சில வாரங்களுக்கு நிலம் பசுமையாகத் தோன்றுவது நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே. மணல் மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் அருகம்புல் படர்கிறது. சவுக்குத் தோப்புகளின் ஓரத்திலும் பனை வரிசைகளின் அடியிலும் பலவகைப் பூண்டுகள் முளைக்கின்றன. அப்போது வீட்டுக்கு வீடு பட்டியைத் திறந்து ஆடுகளை விட்டுவிடுகின்றனர். தை மாதம் முடிவதற்குள் பசுமை தேய்கிறது. பங்குனியில் மணலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை.

மழை நின்றதே இதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே ஆகும். மற்றொரு பாதி, தளிர்த்த புல்லை நாம் எப்போது, எவ்வளவு மேயவிடுகிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. மழை நம் கையில் இல்லை. மேய்ச்சல் நம் கையில் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே இங்கு விளக்க முற்படுகிறேன்.

வலைத்தொழில் செய்யும் குடும்பமாயினும், தறி நெய்யும் குடும்பமாயினும், நிலக்கடலை பயிரிடும் குடும்பமாயினும், நான்கைந்து ஆடுகள் வைத்திருப்பது பெண்கள் கையில் உள்ள சேமிப்பாகும். கோடைக் காலத்தில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, ஏரியின் நீர் வற்றி உப்பு மிகும்போது மீன்பாடு குறைகிறது. அந்நாட்களில் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆட்டை விற்றே பணம் காண்கின்றனர். மெலிந்த ஆட்டுக்கு வியாபாரி கேட்பதே விலை. ஆகவே மார்கழியில் புல்லை எவ்வாறு காத்தோம் என்பது சித்திரையில் ஆட்டின் விலையாக வந்து நிற்கிறது.

புல் எதைக் கொண்டு தளிர்க்கிறது?

புல்லின் வளர்நுனி, மரத்தின் கொழுந்தைப் போல உச்சியில் இருப்பதன்று. தழைப் பருவத்தில் அது மண்ணை ஒட்டி, தூரின் அடியில் அமைந்திருக்கிறது. அதனால்தான் மேல் இலையை ஆடு கடித்த பின்னும் புல் மீண்டும் வளர்கிறது. ஆனால் அந்த வளர்ச்சிக்கு முதல் வேண்டும். இலை வெயிலைக் கொண்டு தயாரிக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் தூரிலும் வேரிலும் சேமிப்பாக இருக்கின்றன. வறட்சிக்குப் பின் முதல் மழை விழுந்ததும், புல் இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்தே தன் முதல் இலைகளை விடுகிறது. அந்த இலைகள் விரிந்து போதுமான வெயிலைப் பெற்ற பிறகுதான், எடுத்த கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்குகின்றன.

கூட்டுறவுக் கடன் வாங்கிய எவருக்கும் இது எளிதில் விளங்கும். நூல் வாங்கக் கொடுத்த முன்பணம், சேலை விற்ற பிறகே திரும்பி வரும். பாவு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலைத் திருப்பிக் கேட்டால் தறி நின்றுவிடும். முதல் இலைப் பருவத்தில் ஆட்டை விடுவதும் அத்தகையதே. புல் மறுபடியும் வேரின் சேமிப்பிலிருந்து எடுத்துத் தளிர்க்கிறது, மறுபடியும் கடிபடுகிறது. இவ்வாறு மூன்று நான்கு முறை நடந்தால் வேர் சுருங்கிவிடும். சுருங்கிய வேர் மேல் மணலில் மட்டும் நிற்பதால், தை மாதத்து வெயிலில் மணல் உலர்ந்தவுடன் புல்லும் உலர்கிறது. பக்கத்திலேயே வேலிக்குள் இருக்கும் புல் இன்னும் சில வாரங்கள் பச்சையாக நிற்பதை நாம் காணலாம். இரண்டுக்கும் மழை ஒன்றே. வேரின் ஆழமே வேறு.

1955-ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் துறையின் வெளியீடாக, கிரைடர் என்பவர் இதுபற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். பல புல்வகைகளைப் பல அளவுகளில் வெட்டி, வேர் என்ன ஆகிறது என்று அவர் கவனித்தார். தழையில் பாதிக்குக் குறைவாக வெட்டியபோது வேர் வளர்ச்சி தடைப்படவில்லை. பாதிக்கு மேல் வெட்ட வெட்ட வேர் வளர்ச்சி தடைப்பட்டது. மிகுதியாக வெட்டியபோது பல நாட்கள் வேர் வளராமலே நின்றது. ‘பாதியை எடு, பாதியை விடு’ என்று மேய்ச்சல் நிலத்தாருக்குக் கூறப்படும் விதிக்கு இத்தகைய ஆராய்ச்சியே ஆதாரமாகும்.

மானுக்கு விதைப்போர்

வட அமெரிக்காவில் வெண்வால் மான் என்ற ஓர் இனம் பெருந்தொகையாக வாழ்கிறது. அங்கு நிலம் உடையோர் பலர், காட்டோரத்தில் சிறு துண்டு நிலங்களை உழுது, மானுக்கென்றே தீவனம் விதைக்கின்றனர். கிளோவர் என்னும் பயறுவகைத் தழை, ஓட்ஸ், கோதுமை ஆகியவை அப்பாத்திகளில் பெரும்பாலும் விதைக்கப்படுகின்றன. வேட்டைக்கு மான் வரவேண்டும் என்பதே அவர்களுள் பெரும்பாலோர் நோக்கம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். எனவே அந்த நோக்கம் நமக்குரியதன்று. ஆயினும் அவர்களுடைய பயிர்ச் செய்முறையில் நாம் அறியத்தக்க செய்திகள் இருக்கின்றன.

அங்கே குளிர்காலம் முழுவதும் நிலம் உறைந்து கிடக்கிறது. இளவேனிலில் மண் சூடேறியதும் பாத்தியில் முதல் தளிர் தோன்றுகிறது. அப்பருவத்தில் பெண் மான்கள் நிறைசூலுடன் இருக்கின்றன. ஆண் மான்களுக்குப் புதிய கொம்பு வளரத் தொடங்குகிறது. இரண்டுக்கும் புரதச் சத்து மிகுதியாகத் தேவைப்படுகிறது. வேறெங்கும் பசுமை இல்லாத அந்நாட்களில், சுற்றுவட்டாரத்து மான்களெல்லாம் அந்தப் பாத்திக்கே வந்து சேர்கின்றன. பாத்தி சிறிதாயும் மான் தொகை பெரிதாயும் இருந்தால், தளிர் தலைகாட்டும்போதே கடிக்கப்பட்டுப் பயிர் அழிந்துவிடுகிறது. இதை அனுபவத்தில் கண்ட அவர்கள், பயிர் வேர்பிடிக்கும் வரை வேலியிட்டுக் காக்கவும், பாத்தியைப் பெரிதாக்கவும், உள்ளே சிறு கூண்டு வைத்து மேய்ச்சலை அளக்கவும் கற்றுக்கொண்டனர்.

நமக்கும் அவர்களுக்கும் பருவத்தில் மட்டுமே வேறுபாடு. அவர்களுக்குப் புல்லைத் தடுப்பது குளிர். நமக்குத் தடுப்பது நீரின்மை. பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில் என்றாலும், நம் மணலில் புல்லுக்கு இளவேனில் கார்த்திகையில்தான் பிறக்கிறது. தளிர் விடும் புல்லின் இயல்பு இரண்டு நாட்டிலும் ஒன்றேயாகும்.

கோடியக்கரையும் நம் கரையும்

மானும் மாடும் ஒரே புல்லைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலை நம் கடற்கரையிலேயே உண்டு. நம் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. 1971-ஆம் ஆண்டில் முதல் ராக்கெட் பறந்த ஏவுதளத்திற்காக அங்கிருந்த மக்கள் குடிபெயர்ந்தபோது, விட்டுவந்த மாடுகள் மனிதர் கைப்படாமல் காட்டிலேயே பெருகின. அதே மண்ணின் புல்லே இரண்டுக்கும் உணவாயிற்று.

தெற்கே கோடியக்கரையில் 1967-ஆம் ஆண்டில் சரணாலயம் அமைக்கப்பட்டது. அங்கு வெளிமான்கள் வாழ்வதற்கு ஆதாரமாக இருப்பது நம்முடையதைப் போலவே வடகிழக்கு மழையில் தளிர்க்கும் கடலோரப் புல்வெளியாகும். அந்தப் புல்வெளிக்குப் பெரும் பகையாக வந்தது வேலிகாத்தான் எனப்படும் சீமைக்கருவேலம். அதன் இனிப்பான காய்களை மாடும் மானும் தின்கின்றன. விதைகள் சாணத்தோடு விழுந்து புல் நடுவே முளைக்கின்றன. அளவுமீறி மேயப்பட்டு, தரை வெளுத்த இடத்தில் அந்த முளைக்குப் போட்டியில்லை. புல் இருந்த இடத்தை முள் பிடித்துக்கொள்கிறது. வனத்துறையினர் அதை அகற்றுவதற்கு ஆண்டுதோறும் உழைக்க வேண்டியிருக்கிறது.

பழவேற்காட்டுக் கரையிலும் வேலிகாத்தான் பரவியிருப்பதை நாம் காண்கிறோம். ஆட்டுப் புழுக்கையிலும் அதன் விதை வருகிறது. எனவே தீவனப் பாத்தி போடுவோர், முதல் மழைக்குப்பின் முளைக்கும் வேலிகாத்தான் கன்றுகளை, அவை சாண் உயரம் ஆகுமுன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அப்போது ஒரு பிள்ளை பிடுங்கிவிடலாம். இரண்டு வருஷம் சென்றால் கோடரி வேண்டும்.

நம் மணலுக்கு ஏற்ற பயிர்கள்

கடலோர மணலில் தழைச்சத்து குறைவு, நீர் நிற்பதில்லை. மணல் மேட்டின் அடியில் நல்ல நீர், உப்பு நீரின்மேல் ஏடுபோலத் தங்கியிருக்கிறது. அதை இயந்திரம் வைத்து இறைத்தால் உப்பு மேலே ஏறும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதையை நாம் அறிவோம். ஆகையால் தொடர்ந்து நீர் கேட்கும் கம்பு நேப்பியர்ப் புல்லை இங்குப் பெருமளவில் நடுவது அறிவுடைமை ஆகாது. மானாவாரியாக வளர்பவையே நமக்கு உகந்தவை.

அவற்றுள் முதன்மையானது கொழுக்கட்டைப் புல். வறட்சியைத் தாங்கும், ஒருமுறை ஊன்றினால் பல வருஷம் நிற்கும். இதன் விதை பஞ்சுபோல் இலேசானது. அறுவடை செய்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதங்கள் உறங்கிய பிறகே முளைக்கும். ஆகவே பழைய விதையாகக் கேட்டு வாங்க வேண்டும். எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். மணலோடு கலந்து தூவி, மேலாக மூடுதல் நன்று.

அடுத்தவை முயல்மசாலும் வேலிமசாலும். இவை பயறுவகைத் தழைகள். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கு உரமளிப்பதோடு, ஆட்டுக்குப் புரதமும் தருகின்றன. மூன்று வரிசை கொழுக்கட்டைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால் என்ற விகிதம் பொருந்தும். வேலிமசால் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, நாலைந்து நிமிடம் ஆறவிட்டு, அதில் ஐந்து நிமிடம் விதையை வைத்து வடித்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு மிகும். வேலியோரத்தில் அகத்தி நடலாம். கடல் ஓரத்து இராவணன் மீசைப் புல் தீவனமாகாது. ஆனால் மணலைப் பிடித்து நிறுத்துவது அதுவே. தீவனப் பாத்திக்காக அதை அழித்தல் கூடாது.

புரட்டாசியில் விதைத்த கொழுக்கட்டைப் புல் 70 முதல் 75 நாட்களில் முதல் அறுப்புக்கு வரும். முயல்மசாலுக்கும் ஏறத்தாழ அதே காலம். வேலிமசாலுக்கு 90 நாட்கள் வேண்டும். அந்நாள் வரை ஓர் ஆடும் பாத்திக்குள் காலெடுத்து வைத்தலாகாது. முதல் வருஷத்தில் மேயவிடுவதைவிட அறுத்துப் போடுவதே சிறந்தது. வேர் ஊன்றாத நாற்றை ஆடு கடிக்கும்போது தூரோடு வந்துவிடும்.

ஐந்து பாத்தி, ஏழு நாள்

ஓர் ஏக்கர் பாத்தியும், இருபது ஆடுகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியில் மேய்வது போக, ஆடு ஒன்றுக்கு நாள்தோறும் 3 கிலோ பசுந்தழை பாத்தியிலிருந்து கொடுப்பதானால், இருபது ஆடுகளுக்கு நாளொன்றுக்கு 60 கிலோ. ஏழு நாளைக்கு 420 கிலோ ஆகும். அடித்தூரை விட்டு அறுத்த அளவில் ஏக்கருக்கு ஒரு முறைக்கு 2,100 கிலோ கிடைக்குமானால், ஏக்கரை ஐந்து பாத்திகளாகப் பிரித்தபோது பாத்திக்கு 420 கிலோ வரும். ஒரு பாத்தி ஒரு வாரத்துக்குச் சரியாகும். ஐந்தாவது பாத்தி முடிந்து முதல் பாத்திக்குத் திரும்பும்போது அதற்கு 28 நாள் ஓய்வு கிடைத்திருக்கும்.

இதே ஏக்கரைப் பிரிக்காமல் இருபது ஆட்டையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஆடு முற்றிய புல்லை ஒதுக்கிவிட்டு, நேற்றுக் கடித்த இடத்தில் இன்று எழுந்த தளிரையே தேடிச் சென்று கடிக்கும். ஒருபுறம் புல் முற்றி வீணாகும். மறுபுறம் தூர் சாகும். தொகையில் குறைவில்லாத புல் முறையில்லாமையால் அழிகிறது.

பிரெஞ்சு நாட்டவரான ஆந்திரே வோய்சான், புல்வெளியின் விளைச்சலைப் பற்றி 1957-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இந்த ஓய்வுக் காலத்தையே பிரதானமாக வற்புறுத்தினார். அவர் கூறியவற்றுள் நாம் மறவாது கொள்ள வேண்டியது ஒன்று: வளர்ச்சி விரைவாக இருக்கும்போது ஓய்வு குறுகலாம், வளர்ச்சி மெதுவாகும்போது ஓய்வு நீள வேண்டும். நாமோ இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். மாசி மாதத்தில் புல் குறைந்தவுடன், ஏழு நாள் பாத்தியை நான்கு நாளில் முடித்து அடுத்ததற்குத் தாவுகிறோம். அதனால் 28 நாள் ஓய்வு 16 நாளாகச் சுருங்குகிறது. புல்லுக்கு அதிக ஓய்வு வேண்டிய வேளையில் குறைந்த ஓய்வே கிடைக்கிறது.

மாசியில் செய்யவேண்டியது பாத்தியிலிருந்து எடுக்கும் தழையைக் குறைத்து, ஓய்வை 40 நாளாக நீட்டுவதே. குறைந்த அளவை நிலக்கடலைக் கொடி, அகத்தித் தழை, வேப்பந்தழை, பூவரசந்தழை ஆகியவற்றால் ஈடு செய்ய வேண்டும். நிலக்கடலை பறிக்கும்போது கொடியை உலர்த்திப் போர் போட்டு வைத்த குடும்பத்துக்கு இது எளிது. கோடையில் தூருக்கு மேல் ஒரு கை அகலத் தழையாவது நிற்க வேண்டும். ஆடி, ஆவணி மழைக்குப் புல் எந்த வேகத்தில் எழும் என்பதை அந்தக் கை அகலம் தீர்மானிக்கிறது.

கூண்டு வைத்து அளத்தல்

‘பாதியை விடு’ என்றால் பாதி எது என்பதைக் கண்ணால் மட்டும் அறிய இயலாது. இதற்கு மானுக்கு விதைப்போர் கண்ட உபாயம் மிக எளியது. பாத்தியின் நடுவே ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு கூண்டை நாட்டுகின்றனர். உள்ளே மான் வாய் வைக்க முடியாது. பதினைந்து நாள் சென்று உள்ளும் புறமும் ஒப்பிட்டால், பயிர் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு தின்னப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

நாம் இதைச் சவுக்குக் கழியும் பனை மட்டையும் கொண்டு செய்துகொள்ளலாம். பழைய நைலான் வலையைச் சுற்றுவது வேண்டாம். அதில் ஆட்டின் கொம்பும் பறவையின் காலும் சிக்கும். அறுந்த இழையை ஆடு விழுங்கினால் குடல் அடைபடும். நான்கு கழிகளால் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றும், ஒரு தராசும் போதும். சட்டத்திற்குள் இருக்கும் தழையை, தரையிலிருந்து கை அகலம் விட்டு அறுத்து நிறுக்க வேண்டும். கிடைத்த கிராமை 4,047-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கூண்டுக்குள் 520 கிராம் இருந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,100 கிலோ ஆகும். கூண்டுக்கு வெளியே 400 கிராம் இருந்தால் அச்சமில்லை. வெளியே 250 கிராமுக்குக் கீழே இறங்கினால் பாதியைத் தாண்டிவிட்டோம். அன்றே ஆட்டை அடுத்த பாத்திக்கு மாற்ற வேண்டும். அளந்த பின் கூண்டை வேறு இடத்தில் நாட்டுதல் அவசியம்.

இந்தக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவர வேண்டும். பாவின் நீளத்தையும் நூலின் எடையையும் எழுதிவைக்கும் பழக்கமுள்ள நம் நெசவாள அங்கத்தினருக்கு இது புதிதன்று. மூன்று வருஷக் கணக்கு சேர்ந்தால், அந்த நிலம் எத்தனை ஆட்டைத் தாங்கும் என்ற கேள்விக்கு வாதம் இல்லாத விடை கிடைத்துவிடும்.

இளந்தளிரின் ஆபத்துகள்

தளிரைக் காப்பது புல்லுக்கு மட்டுமன்றி ஆட்டுக்கும் நன்மையாகும். மழைக்குப் பின் திடீரெனக் கொழுந்துப் புல்லை வயிறார மேய்ந்த ஆடுகள், குறிப்பாக நல்ல நிலையிலுள்ள குட்டிகள், துள்ளுமாரி நோய் கண்டு சில மணி நேரத்தில் மடிவதுண்டு. மழைக்காலத்திற்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், புதுப் புல்லைச் சிறிது சிறிதாகப் பழக்குவதும் இதற்குப் பாதுகாப்பு.

குடற்புழுவின் இளம்பருவப் புழுக்கள் ஈரப் புல்லின் அடிப்பகுதியில்தான் மிகுதியாக இருக்கின்றன. பனி உலரும் முன் மேய்ப்பதும், தரை ஒட்ட மேய்ப்பதும் புழுவை விலைக்கு வாங்குவது போன்றது. கை அகலம் தூரை விடுவதில் இந்த நன்மையும் சேர்கிறது.

தீவனச் சோளம் விதைத்தோர் மற்றொன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இளஞ்சோளத்திலும், வறட்சியில் குன்றி மீண்டும் தளிர்த்த சோளத்திலும் சயனைடு நஞ்சு உண்டாகிறது. பூக்கும் பருவத்திற்கு முன் அதைக் கொடுத்தல் ஆகாது. மழையில் நனைந்த பயறுவகைத் தழையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு உப்பும். முதலில் சிறிது உலர்ந்த கொடியைக் கொடுத்து, பின்னர் இதைக் கொடுக்க வேண்டும்.

முறை யாருக்கு?

பயிர்நூல் சொல்வது இவ்வளவே. ஆனால் பொதுப் பாத்தி ஒன்று நிலைப்பதும் அழிவதும் பயிர்நூலால் மட்டும் தீர்வதில்லை. ‘இன்று யார் ஆடு?’ என்ற கேள்வியால் தீர்கிறது. என் ஆட்டை நான் நிறுத்தினால் பக்கத்து வீட்டார் நிறுத்துவாரா என்ற ஐயம் எல்லோரிடமும் இருக்கும் வரை, முதல் தளிர் வந்த அன்றே எல்லா ஆடுகளும் அங்கே நிற்கும்.

இந்தச் சிக்கலை நம் ஏரி மக்கள் நீரில் வெகுகாலத்திற்கு முன்பே ஆராய்ந்திருக்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிவரும் பாடு முறை அதற்குச் சான்று. நல்ல மீன்பிடி இடங்களை வரையறுத்து, இன்ன நாள் இன்னார் வலை என்று முறை வகுத்து, அதை மீறுவோரை ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும் ஏற்பாடு அது. கடலிலும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன் இனப்பெருக்கத்தின் பொருட்டு விசைப்படகுகள் நிறுத்தப்படுகின்றன. நீருக்கு முறையும் ஓய்வும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட ஊருக்கு, புல்லுக்கும் அவை உண்டு என்பது புதிய செய்தியாக இராது.

ஆயினும் பாடு முறையை அப்படியே எடுத்து வைப்பது போதாது. அதில் பெயருள்ளோருக்கே முறை உண்டு. ஏரியில் கையால் இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களும் வேறு சிலரும் அதற்கு வெளியே நிற்கின்றனர். அதனால் எழுந்த வழக்குகளும் மனக்கசப்புகளும் ஏரிக்கரையில் உள்ளவர் அறிந்தவையே. கூட்டுறவு முறையில் அமையும் தீவனப் பாத்திக்கு அந்தக் குறை வேண்டியதில்லை. பங்கு என்பது ஆட்டின் எண்ணிக்கைக்கு அன்றி, குடும்பத்திற்கு இவ்வளவு என்று இருத்தல் வேண்டும். ஆட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால், நாற்பது ஆடு உடையவர் பாத்தி முழுவதையும் எடுத்துக்கொள்வார். இரண்டு ஆடு வைத்திருக்கும் கைம்பெண் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாள். அதிக ஆடு உடையவர் தம் பங்கிற்கு மேல் தழை வேண்டுமானால், பிறர் விட்டுக்கொடுத்த பங்கைச் சங்கத்தின் மூலம் விலைக்கு வாங்கட்டும். அப்பணம் வேலிக்கும் விதைக்கும் ஆகும்.

நிலம் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் தேவை. 1980-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயத்தின் எல்லைக்குள் உழுதல் கூடாது. புறம்போக்கு நிலமாயின் வருவாய்த் துறையின் எழுத்துமூலமான அனுமதியைப் பெற்ற பின்பே வேலி போட வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் செலவிட்ட சங்கம், அடுத்த வருஷம் வேலியைப் பிடுங்க நேரிடலாம்.

ஆகவே பொதுக்குழுக் கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டியவை நான்கு: பாத்தி எந்த நாளில் திறக்கப்படும், ஒரு குடும்பத்திற்கு எத்தனை கிலோ தழை, கூண்டை அளந்து எழுதும் பொறுப்பு யாருடையது, முறை தவறியவர் என்ன செலுத்துவது. இவற்றை ஆடி மாதத்திலேயே முடிவு செய்து பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். கார்த்திகையில் தளிரைக் கண்ட பிறகு கூடினால், கூட்டம் முடிவதற்குள் ஆடுகள் முடித்துவிடும். திறப்பு நாளை ஊர் அறியச் சொல்லிவிட்டு, அந்நாள் வரை நிர்வாகக் குழுவினரின் ஆடுகளும் கட்டுத்தறியிலேயே நிற்குமானால், மற்றவர்களும் பொறுத்திருக்கத் தயங்கமாட்டார்கள்.